கேட்டால் கிடைக்கும் மழை, பனி, குடும்பம்

இரண்டு இடத்தில் எடுத்த வீடியோவை ஒரே இடத்தில் எடுத்தது மாதிரி ஒட்டுவதுதான் என் தொழில். ஒட்டியது தெரிந்தால் திட்டு, தெரியாவிட்டால் நான் வேலை செய்ததே யாருக்கும் தெரியாது.

செஞ்சி கடைத்தெருவில் பாஸ்கர் அண்ணனின் ஸ்டுடியோவில் உட்கார்ந்து இதைச் செய்கிறேன். அவர் கேமரா, நான் கம்ப்யூட்டர். கல்யாணமாகி வருவதற்கு முன்பு சென்னையில் ஒரு கிராபிக்ஸ் கம்பெனியில் இருந்தேன். இப்போதும் அங்கிருந்து வேலை அனுப்புகிறார்கள். நாங்கள் உபயோகிக்கும் சாஃப்ட்வேரின் ஓரத்திலேயே ஒரு லைப்ரரி திறக்கும். யார் யாரோ உலகம் முழுக்க எடுத்துப் போட்ட வீடியோக்கள் அதில் இருக்கும். மழை என்று தட்டினால் மழை, நெருப்பு என்று தட்டினால் நெருப்பு. பிடித்ததை இழுத்து நம் வீடியோ மேல் போட்டுக்கொள்ள வேண்டியதுதான். கேட்க சுலபமாக இருக்கிறது இல்லையா? ஒரு நல்ல புகைக்காக அரை நாள் தேடிக் கண் எரிந்தவர்கள் யாராவது இதைப் படித்தால், உங்களுக்குத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

கோட்டை மேல் பனி

ஒரு கல்யாணப் பெண்ணுக்கு ஆசை, எங்கள் ஊர்க் கோட்டை இருக்கும் ராஜகிரி மலையில் பனி கொட்ட வேண்டும், அதில் அவளும் மாப்பிள்ளையும் கை கோத்து நடக்க வேண்டும். சித்திரை வெயிலில் பாஸ்கர் அண்ணன் படம் எடுத்துக்கொண்டு வந்தார். நான் லைப்ரரியில் பனியைத் தேடினேன். முதலில் வந்ததெல்லாம் ஊசியிலை மரத்தோடு வந்தது. மரமில்லாத பனி ஒன்று கிடைத்ததும் அதைப் பாறை மேல், படி மேல், பெண்ணின் தலைமுடி மேல் எல்லாம் படியவைத்தேன். நிழலைக்கூட மங்கலாக்கினேன். எனக்கே குளிரெடுத்தது.

ஸ்டுடியோவில் இரண்டு குடும்பமும் உட்கார்ந்து பார்த்தது. பெண்ணுக்குக் கண் கலங்கிவிட்டது, அவ்வளவு சந்தோஷம். மாப்பிள்ளையின் தாய்மாமன் மட்டும் எழுந்து திரைக்குப் பக்கத்தில் போய் நின்றார். முழுசாகப் பார்த்துவிட்டு என்னிடம் திரும்பினார்.

“எல்லாம் சரிதாம்மா, இவ்ளோ பனியில என் மருமவனுக்கு மட்டும் இன்னாத்துக்கு முதுகெல்லாம் வேர்த்து ஊத்துது?”

சாப்பிடும் குடும்பம்

அப்பாண்டைராஜன் எங்கள் ஊர் ஜைனர், பாத்திரக்கடை வைத்திருக்கிறார். விளம்பரத்துக்கு ஒரு குடும்பம் சந்தோஷமாகச் சாப்பிடுகிற காட்சி கேட்டார். லைப்ரரியில் இந்தியக் குடும்பம் என்று தேடிப் பார்த்திருக்கிறீர்களா? எல்லாரும் வெள்ளைச் சட்டை போட்டு, சோபாவில் உட்கார்ந்து, லேப்டாப்பைப் பார்த்துச் சிரிப்பார்கள். அதில் என்ன அவ்வளவு சிரிப்பு என்று இதுவரை எனக்குத் தெரியாது. தேடித் தேடி, மேஜையில் சாப்பிடுகிற அப்பா அம்மா குழந்தையை எடுத்து, எதிரே அவர் கடைக் குண்டான்களை வைத்துக் கொடுத்தேன்.

பஸ் ஸ்டாண்ட் பக்கத்துத் திரையில் விளம்பரம் ஓடியது. கொஞ்ச நாளில் புதிதாய்த் திறந்த இன்னொரு பாத்திரக்கடையின் விளம்பரமும் அதே திரையில் ஓடியது. அதே அப்பா, அதே அம்மா, அதே குழந்தை. குண்டான் மட்டும் வேறு. அந்த லைப்ரரி யாருக்கும் தனிச்சொத்து இல்லையே! அப்பாண்டைராஜன் நேராக ஸ்டுடியோவுக்கு வந்தார். “எங்கிட்ட சாப்டுட்டு அங்க போய் கை கழுவுதுங்க” என்றார். அவர் சத்தம் போட்டிருந்தால்கூடத் தேவலை, மெதுவாகச் சொன்னார்.

அவர் குடும்பத்தையே எடுத்துவிடலாம் என்று பாஸ்கர் அண்ணன் யோசனை சொன்னார். அவர்கள் பொழுது சாய்வதற்குள் சாப்பிடுகிறவர்கள். ஐந்து மணி வெளிச்சமும் ஜன்னல் வழியாக அழகாக வந்தது. ஆனால் முதல் வாயிலேயே நான், “சிரிங்க, சிரிங்க” என்று ஆரம்பித்துவிட்டேன். அவர் மனைவி பிசைந்த சோற்றைத் தட்டிலேயே வைத்துவிட்டு நிமிர்ந்தார்.

“சிரிச்சா சோறு எறங்கல, சோறு எறங்கனா சிரிப்பு வரல. எது வேணும்னு ஒண்ணச் சொல்லும்மா.”

ரொம்ப தூரத்துக் கோட்டை

சென்னையிலிருந்து ஒரு ராஜா கதைக்குக் கோட்டை கேட்டார்கள். நானே மொட்டை மாடியிலிருந்து ராஜகிரியை எடுத்து அனுப்பினேன். பார்க்க நிஜம் மாதிரி இல்லை, லைப்ரரியில் நல்லதாகப் பார் என்று பதில் வந்தது. பார்த்தேன். மேலே பறந்து எடுத்த ஒரு காட்சி பிரமாதமாக இருந்தது. கீழே ராஜஸ்தான் என்று போட்டிருந்தது. பெரிதாக்கிப் பார்த்தால் கல்யாண மஹால், களஞ்சியம், எல்லாம் நம்ம ஊர்! ஒன்றும் சொல்லாமல் அதையே அனுப்பினேன். கம்பெனியின் மேற்பார்வையாளர் உடனே போன் செய்தார்.

“சூப்பர்ங்க, இந்தக் கோட்டை எங்க இருக்குது? நேர்ல போய் ஷூட் பண்ண ரொம்ப தூரமோ?”

நின்ற தண்ணீர்

தளவானூர்ப் பக்கத்து ஏழுமலை அண்ணன் வந்தது மழை விட்ட பிறகு. ஏரித் தண்ணீர் வழிந்து அவர் நெல் முழுக்க மூழ்கியிருந்தது. பயிர்ச்சேதம் பார்க்க அதிகாரி வருவதற்குள் தண்ணீர் வடிந்துவிட்டது. கதிர் சாய்ந்து அழுகிக் கிடந்தது. மறுநாள் வருகிறவர் மூழ்கியதற்கு ஆதாரம் கேட்பார் என்று ஊரில் சொல்லியிருக்கிறார்கள். காலையில் எடுத்த வயல் வீடியோவைக் காட்டினார்.

“இதுல தண்ணி போட்டுக் குடும்மா. நீ இல்லாததெல்லாம் போடுவியாமே.”

லைப்ரரியில் மூழ்கிய நெல் வயல் வரிசையாக வந்தது. ஏதோ தேசத்தில் யாரோ எடுத்த வயல்கள். ஒன்றை அவர் வயல் மேல் வைத்துப் பார்த்தேன். கச்சிதமாகப் பொருந்தியது. அதுதான் பயமாக இருந்தது. அழித்துவிட்டேன்.

“வேணாம்ண்ணே. கண்டுபிடிச்சா உங்களுக்கு வர்றதும் போயிடும்.”

“பொய்யா கேக்குறேன்? நின்ன தண்ணியத்தான கேக்குறேன்?” என்றார். “அன்னிக்கு நான் மடை வெட்டுவனா, வீடியோ எடுப்பனா?”

பாஸ்கர் அண்ணன்தான் அன்றைக்கு வயலோர ரோட்டில் யார் போனார்கள் என்று கேட்டார். பால் வண்டி போனது. டிரைவருக்குப் போன் போட்டோம். வண்டி ஏன் லேட் என்று பால் சொசைட்டிக்குக் காட்ட, அவர் ரோட்டை எடுத்து வைத்திருந்தார். அனுப்பினார். கண்ணாடி முழுக்க மழை, படம் ஆட்டம், ஊடே அவர் யாரையோ திட்டுகிற சத்தம். ரோட்டுக்கு அந்தப் பக்கம் ஒரே தண்ணீர். அதில் முழங்கால் ஆழத்தில், சட்டையில்லாமல், நமக்கு முதுகைக் காட்டி ஒருவர் மண்வெட்டியால் வரப்பை வெட்டிக்கொண்டிருந்தார். ஏழுமலை அண்ணன் திரையில் அந்த முதுகைத் தொட்டு, “நான்தாம்மா” என்றார். ஒரு நிறம்கூடக் கூட்டாமல் அப்படியே அவர் போனில் ஏற்றிக் கொடுத்தேன்.

மறுநாள் சாயங்காலம் வந்தார். அதிகாரி ஒத்துக்கொண்டுவிட்டாராம். எனக்கு அப்போதுதான் மூச்சு வந்தது. தண்ணீர் தெளிவாகத் தெரிந்ததா என்று கேட்டேன்.

“அவரு தண்ணிய எங்கம்மா பார்த்தாரு? என்னைச் சட்டையக் கழட்டித் திரும்பி நிக்கச் சொல்லி, முதுகத்தான் பார்த்தாரு.”

இத்தனை வருஷத்தில் நான் கற்றது இவ்வளவுதான்: லைப்ரரியில் கிடைக்காத பொருளே கிடையாது, வாசலில் நிற்கிறவர் கேட்டதைத் தவிர.