கிணற்றுக்குத் தண்ணீர் கொண்டு போன எங்கள் அம்மா

முதலாண்டு நினைவு நாளில் எங்கள் வீட்டிற்கு வந்திருக்கும் உறவினர்க்கும் நண்பர்க்கும் வணக்கம். அம்மாவைப் பற்றி எழுதும் பொறுப்பை அப்பாவும் அண்ணாவும் என்னிடம் தந்தார்கள். கல்லூரியில் இலக்கியம் படிக்கிறவள் அழகாக எழுதுவாள் என்று அவர்கள் எண்ணியிருக்கலாம். நான் சரியாக எழுதவே முயன்றிருக்கிறேன்.

அம்மா வெள்ளகோவிலுக்குத் தெற்கே, மழை பெய்தால் மட்டும் சோளம் விளையும் ஒரு சிற்றூரில் பிறந்தார். பொள்ளாச்சிச் சாலையோரத்து எங்கள் ஊருக்கு மருமகளாக வந்தபோது, வீட்டு முற்றத்திலேயே கிணறு இருப்பதைக் கண்டு வியந்தாராம். அதன் நீர் உப்பு என்பதும், குடிநீருக்கு ஊர்க்கோடியிலுள்ள நல்ல தண்ணீர்க் கிணறு வரை நடக்க வேண்டும் என்பதும் மறுநாள்தான் தெரிந்தன. "கெணறு பக்கத்துல, தண்ணி தூரத்துல" என்று சொல்லிச் சிரிப்பார். அண்ணாவுக்கும் எனக்கும் இடையில் பிறந்த இரு குழந்தைகளைப் பச்சிளம் பருவத்திலேயே இழந்தார். மழை பொய்த்த ஆண்டுகளில் தம் பசியை மறைத்துப் பண்ணையாட்களுக்குக் கூழ் ஊற்றினார்.

அம்மாவின் நோயை உங்களில் பலர் வயிற்று உபாதை என்றே கேள்விப்பட்டிருப்பீர்கள். நாங்களே அப்படித்தான் சொல்லி வந்தோம். அது மார்பில் எழுந்த புற்று. அதை மறைக்காமல் எழுத வேண்டும் என்று கேட்டுக்கொண்டவர் அம்மாவே.

நான் பள்ளி இறுதித் தேர்வு எழுதிவிட்டு வீட்டிலிருந்த கோடை அது. கோயமுத்தூர் ஆஸ்பத்திரி லேடி டாக்டர் ரண சிகிச்சை செய்தாக வேண்டும் என்றார். அம்மா மறுத்துவிட்டார். "இருக்கற வரைக்கும் இருந்துட்டுப் போறேனுங்க. கத்தி வெக்க வேண்டாம்" என்பதற்கு மேல் பேசவில்லை. அப்பா வீட்டு வேலை அனைத்தையும் அம்மாவின் கையிலிருந்து வாங்கிவிட்டார். அன்பினால்தான் செய்தார். பார்க்க வந்தவர்கள் கட்டிலைச் சுற்றி அமர்ந்து, எதிரே இருப்பவரை இல்லாதவரைப் போல எண்ணி அழுதார்கள். அம்மாவுக்கு உணவும் உறக்கமும் குறைந்தன.

மறுமுறை போனபோது டாக்டர் திகைத்தார். "என்னம்மா, இவ்வளவு தளர்ந்துட்டீங்க? பகலெல்லாம் என்ன செய்யறீங்க?"

அப்பா சற்றுப் பெருமையோடே, "ஒரு வேலையும் செய்ய உடறதில்லீங்க. கட்டலை உட்டு எறங்கவே உடறதில்லீங்க" என்றார்.

"காலிலே என்ன வியாதி?"

அப்பா குனிந்து அம்மாவின் காலைப் பார்த்தார்.

"கட்டி மார்பிலே. காலுக்கு எதுக்குங்க தண்டனை? இந்த நிலையிலே மயக்கத்துக்குக் குளோரபாரம் கொடுக்க எனக்கே தைரியமில்லை. பாரம் தூக்க வேண்டாம். தினமும் காலையிலே நடக்கட்டும். பசி வரட்டும், தூக்கம் வரட்டும்."

"கத்திக்கு நான் சம்மதிக்கலீங்களே" என்றார் அம்மா.

"நடக்கறதுக்குச் சம்மதிப்பீங்க இல்லையா? அது போதும் இப்போ."

ஆனால், காரியமின்றி ஒரு பெண் சாலையில் நடப்பதை எங்கள் ஊர் கண்டதில்லை. கேட்பவர்களுக்கு ஒரு காரணம் வேண்டியிருந்தது. அம்மா ஒரு சிறு பித்தளைக் குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு நல்ல தண்ணீர்க் கிணற்றை நோக்கி நடந்தார். உடன் போன நான் ஒன்றைக் கவனித்தேன். புறப்படுமுன் அந்தக் குடத்தில் சிறிது தண்ணீர் ஊற்றிக்கொண்டார்.

"எதுக்குங்கம்மா?"

"சந்தைக்கு வண்டி கட்டிப் போறவீங்க எதுக்கால வருவாங்க, கண்ணு. வெறுங்கொடத்தோட போகக் கூடாது."

"தண்ணிக்குப் போறவீங்க கொடமெல்லாம் வெறுங்கொடந்தானுங்களே?"

"அவீங்க கொடம் வேற. நோவுக்காரி கொடம் வேற."

கட்டியைவிட, தாம் எதிர்ப்பட்டால் பிறருக்கு ஆகாது என்ற இந்த எண்ணமே அம்மாவை அதிகம் வாட்டியது என்பதை அப்போதுதான் அறிந்தேன்.

கொண்டு போன தண்ணீரையே திரும்பக் கொண்டு வந்து முருங்கைக்கு ஊற்றுவார். இதைப் பக்கத்து வீட்டுப் பாவாத்தாள் சின்னம்மா கண்டுபிடித்துவிட்டார்.

"ஏனுங்க்கா, ஊரே கெணத்துல இருந்து ஊட்டுக்குத் தண்ணி கொண்டு வருது. நீங்க ஊட்டுல இருந்து கெணத்துக்குக் கொண்டு போறீங்களா?"

"அதுக்கும் தாகமெடுக்காதா பின்ன?" என்றார் அம்மா.

பல வாரங்களுக்குப் பின் அம்மா சொன்ன முதல் வேடிக்கைப் பேச்சு அது. மறுநாள் முதல் சின்னம்மாவும் உடன் நடந்தார். நடை கட்டியைக் கரைத்தது என்று யாரும் கொள்ள வேண்டாம். கட்டி இருந்தபடியே இருந்தது. அம்மாவோ திரும்பி வந்ததும் பழைய சோறு கேட்டார், இரவில் உறங்கினார்.

ஒரு நாள் காலை, சின்னம்மாவின் கணவர் சந்தையில் வாங்கி வந்த, படுத்தால் எழாத காளையைப் பற்றிப் பேசிச் சிரித்தபடியே இருவரும் புறப்பட்டார்கள். வழியில் சந்தைக்குக் கொப்பரைத் தேங்காய் ஏற்றிய வண்டியொன்று எதிர்ப்பட்டது. "ஏனுங்கம்மா, ஒடம்பு தேவலீங்களா?" என்றார் வண்டிக்காரர். "தேவலை, போயிட்டு வாப்பா" என்றார் அம்மா. கிணற்றுமேட்டில் குடத்தை இறக்கியபோதுதான் அது கணீரென்று ஒலித்தது. உள்ளே தண்ணீர் இல்லை. அம்மா அப்படியே நின்றுவிட்டார்.

"இன்னைக்குக் கெணறு பட்டினிங்களாக்கா?" என்றார் சின்னம்மா. அம்மா சிரிக்கவில்லை.

மாலையில் வண்டிக்காரரின் வீட்டுக்கு என்னை அனுப்பினார். "கொண்டு போனதெல்லாம் வித்துப்போச்சுங்க, அம்மணி" என்று அவர் மகிழ்ந்து சொன்னதை வந்து உரைத்தேன். "வெறுங்கொடம் அவீங்கள ஒண்ணும் பண்ணலையே, கண்ணு" என்றார் அம்மா. பிறகு அப்பாவிடம், "ஆஸ்பத்திரிக்குப் போலாமுங்க" என்றார்.

ரண சிகிச்சை அறைக்குள் தூக்கிச் செல்ல வந்தவர்களிடம், "நடந்தே வாரேனுங்க" என்று கூறி நடந்து போனார். இடப்பக்கத்துக் கட்டியை அகற்றினார்கள். நோயுற்ற தாயை விட்டுப் பெண் படிக்கப் போவதா என்று சிலர் கேட்டபோது, கல்லூரிக்கான என் பெட்டியை வலக்கையாலேயே கட்டி வைத்தார். இடக்கையால் குடம் தாங்க இயலாமற்போயிற்று. அதன் பின் குடத்தைச் சின்னம்மா சுமந்தார். அம்மா வெறுங்கையோடு உடன் நடந்தார். எங்கே, எதற்கு என்று ஊரில் எவரும் கேட்கவில்லை.

சென்ற ஆண்டு நோய் திரும்பி, நடக்க இயலாத நாட்கள் வந்தன. அப்போதும் சின்னம்மா காலைதோறும் வாசலில் நின்று, "கெணத்துக்குப் போயிட்டு வாரேனுங்க்கா" என்று சொல்லிப் போவார். கடைசி நாள் காலையிலும் அம்மா தலையசைத்தார்.

அந்த லேடி டாக்டருக்கும், கை மாற்றிக் கை மாற்றிப் பணிவிடை செய்த அத்தைமார்க்கும், கேள்வி கேளாத எங்கள் ஊராருக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. உங்கள் வீட்டில் எந்தப் பெண்ணேனும் இத்தகைய கட்டியை மறைத்து வைத்திருந்தால், அவரிடம் இந்தக் கட்டுரையைப் படித்துக் காட்டுங்கள். இன்று நீங்கள் அருந்தும் நீர் நல்ல தண்ணீர்க் கிணற்றினது. பாவாத்தாள் சின்னம்மா அதை அம்மாவின் சிறு குடத்தில் கொண்டு வந்தார். காலையில் அந்தக் குடத்தை வெறுமையாகவே இடுப்பில் வைத்துக்கொண்டு, சந்தை வண்டிகளுக்கு எதிரே அவர் நடந்து போனார்.