இரண்டு கதவுக்காரர்

கல்யாண மண்டபத்துக்குள் நுழையும் தங்கச்சாமி முதலில் சுவரைத் தொடுகிறார். உள்ளங்கையை ஒரு நொடி அதில் வைத்து எடுத்த பிறகுதான் காலை உள்ளே வைப்பார். பெண் வீட்டார் அதைப் பக்தி என்று எடுத்துக்கொண்டு கும்பிடுகிறார்கள். அடுத்து, கதவுகளை எண்ணுகிறார். பந்திக் கூடத்துக்கு எத்தனை வாசல், கை கழுவப் போகும் வழி எது, சமையல்கட்டுக் கதவு வெளியே திறக்கிறதா உள்ளே திறக்கிறதா என்று ஒரு சுற்றுப் பார்த்துவிட்டு, வாசலை ஒட்டிய கடைசி நாற்காலியில் உட்காருவார். அந்த மூலைக்கு போட்டோக்காரர் வருவதில்லை. ரசம் வந்து சேர்வதற்குள் சோறு ஆறிவிடும். அதற்கெல்லாம் அவர் கவலைப்படுவதும் இல்லை.

நாரணாபுரம் பக்கத்தில் ஒரு வெடி ஆபீஸில் முப்பத்திரண்டு வருடமாக வேலை செய்கிறார். கடைசிப் பதினெட்டு வருடம் போர்மேன். பட்டாசுத் தொழிற்சாலையை நாங்கள் ஆபீஸ் என்றுதான் சொல்வோம். மின்விசிறியும் மேஜையும் தேடி யாரும் வந்துவிடக் கூடாது. வெடிமருந்து அடைக்கும் அறைகள் வெட்டவெளியில் ஒன்றுக்கொன்று எட்ட நிற்கும். ஓர் அறைக்கு நாலு பேர், அதற்கு மேல் கூடாது. கதவுகள் வெளிப்பக்கம் திறக்க வேண்டும்; வேலை முடியும்வரை திறந்தே கிடக்க வேண்டும். நுழையுமுன் வாசலில் இருக்கும் தகட்டில் கை வைத்து, உடம்பில் ஒட்டியிருக்கும் மின்சாரத்தைத் தரைக்கு இறக்கிவிட வேண்டும். மற்றவர்கள் இதையெல்லாம் சாயங்காலம் கேட்டிலேயே விட்டுவிட்டு வீட்டுக்குப் போகிறார்கள். தங்கச்சாமி கையோடு எடுத்துக்கொண்டு போகிறார்.

அவர் கட்டிய வீட்டில் அறை இரண்டு, கதவு ஐந்து. "எலி கூட ரெண்டு வாசல் வச்சுத்தான் தோண்டுது. மனுசனுக்கு ஒண்ணு போதுமாக்கும்?" என்பார். அந்தக் கம்பெனியின் வெடிப் பெட்டிகளுக்கு லேபிள் அச்சடித்துக் கொடுப்பவன் நான். என் அச்சகத்துக்கு வந்தால் உட்கார மாட்டார். "பின்கதவ அடைச்சு ரீம் அடுக்கியிருக்கீகளே அண்ணாச்சி, கடுதாசி என்ன ஈரத் துணியா?" என்று கேட்டுவிட்டு, நாங்கள் அத்தனை காகிதக் கட்டையும் நகர்த்தி முடிக்கிறவரை நின்றுகொண்டே இருப்பார். மதுரையில் ஓர் ஆஸ்பத்திரிக்கு நோயாளியைப் பார்க்கப் போனபோது, லிப்டில் ஐந்தாவது ஆள் ஏறியதும் இவர் இறங்கிவிட்டார். "நாலு பேருக்கு மேல எதுக்கு? நீங்க போங்க, நான் படியில வாரேன்." ஆறு மாடி ஏறிப் போய்ச் சேர்ந்தபோது நோயாளி எழுந்து இவருக்குத் தண்ணீர் கொடுத்தாராம்.

சிரிக்கலாம், நானும் சிரித்திருக்கிறேன். ஆனால் அவர் போர்மேன் ஆன பிறகு அந்த ஆபீஸில் ஓர் உயிர் போனதில்லை. ஊரில் யாரும் இதை வாய்விட்டுச் சொல்வதில்லை. கண் பட்டுவிடும்.

இப்படிப்பட்ட மனிதரைத்தான் கப்பலில் ஏற்றிவிட நினைத்தார் சின்ன முதலாளி ஹரிபிரசாத். போன தீபாவளி சீசன் நன்றாக இருந்தது. டீலர்களைக் குளிர்விக்க, கொச்சியில் ஏறி லட்சத்தீவுப் பக்கம் போய்த் திரும்பும் நான்கு நாள் உல்லாசப் பயணம் ஒன்றை ஏற்பாடு செய்தார். டீலர்களுக்கெல்லாம் பால்கனி வைத்த அறை. லேபிள்காரன் என்ற முறையில் எனக்கும் என் மனைவிக்கும் ஒன்று. போர்மேனையும் மறக்கவில்லை, அதற்காக ஹரிபிரசாத்தைப் பாராட்ட வேண்டும்.

"அண்ணே, உங்களுக்குன்னு கம்பெனி ஒரு தொகை ஒதுக்கியிருக்கு. பால்கனி ரூம்னா நீங்க மட்டும் வரலாம். உள் ரூம்னா அதே காசுக்கு அக்காவையும் கூட்டிட்டு வரலாம். எதுன்னு சொல்லுங்க" என்று கம்ப்யூட்டரைத் திருப்பிக் காட்டினார். லேபிள் மாதிரியோடு நானும் அங்கே இருந்தேன்.

உள் அறையின் படம் அழகாகத்தான் இருந்தது. வெள்ளை மெத்தை, மேலே அன்னப்பறவைபோல மடித்த துண்டு. தங்கச்சாமி அன்னத்தைப் பார்க்கவில்லை.

"ஜன்னல் எங்கன இருக்கு?"

"உள் ரூம்ல ஜன்னல் கிடையாதுண்ணே. ஏசி இருக்கு."

"இன்னொரு கதவு?"

"ஒரு கதவுதான்."

பால்கனி அறையின் படத்தை விரலால் தொட்டார். "இந்தக் கண்ணாடிக் கதவத் தொறந்தா எங்கன போகும்?"

"எங்கயும் போகாது. கடல்தான்."

"கடல் பரவால்ல" என்றார் தங்கச்சாமி. "தண்ணி வாளி வைக்க வேண்டியதில்ல."

யோசித்துச் சொல்வதாகப் போனார். இன்னும் கொஞ்சம் தொகை சேர்த்தால் இரண்டு பேரும் பால்கனியிலேயே போகலாம் என்பது ஹரிபிரசாத்துக்குத் தோன்றவில்லை. எனக்குத் தோன்றியது; ஆனால் என் கையில் இருந்தது அடுத்த வருட லேபிள் ஆர்டருக்கான மாதிரி. வாயை மூடிக்கொண்டேன்.

யோசனை ஒரு வாரம் ஓடியது. மத்தியானச் சாப்பாட்டு வேளையில் ஆபீஸ் முற்றத்தில் சுண்ணாம்புப் பொடியால் அந்த உள் அறையை அளந்து வரைந்தார். இங்கே கட்டில், இங்கே குளியலறை, இங்கே ஒற்றைக் கதவு. வரைந்துவிட்டு நடுவில் போய் நின்றார். தலைக்கு மேலே முழு ஆகாசம், நாலு பக்கமும் காற்று. ஐந்து நிமிடத்தில் அவருக்கு வேர்த்துவிட்டது. வேப்ப மரத்தடியில் தூக்குச்சட்டியோடு உட்கார்ந்திருந்த வேலுத்தாய் பொறுக்கமாட்டாமல் கத்தினாள்: "அண்ணே, கோட்டத் தாண்டி வந்துருங்க, ஒண்ணும் ஆகாது!" அவர் தாண்டவில்லை. கதவு வரைந்த இடத்தின் வழியாகத்தான் வெளியே வந்தார்.

அந்த வாரம் அவர் வீட்டுக்குப் புது வருடக் காலண்டர் கொடுக்கப் போனேன். அவர் இல்லை. மனைவி அய்யம்மாள் வாசலில் உட்கார்ந்து வெடிக்குழாய் உருட்டிக்கொண்டிருந்தார். வீட்டில் எல்லாக் கதவும் திறந்திருந்ததால் எந்த வழியாகக் கூப்பிடுவது என்று குழம்ப வேண்டியிருந்தது. கப்பல் பேச்சை எடுத்தேன்.

"அவுகளே போயிட்டு வரட்டும் அண்ணாச்சி. நான் போயி என்ன பாக்கப் போறேன்? திருச்செந்தூர்ல பாத்த அதே தண்ணிதான்" என்றார். கை மட்டும் உருட்டிக்கொண்டே இருந்தது. உருட்டிய குழாயைக் குவியலில் போட்டுவிட்டுத் தானாகவே பேசினார். "எங்கன வெடிச்சாலும் நான் தெருவுக்கு வந்துருவேன். பொகை கெழக்க எந்திரிச்சா நம்ம ஆபீஸ் இல்ல. மேக்கன்னா, காலு நகராது. முப்பத்திரண்டு வருசமா பகல்ல ஒரு நாளு கண்ணசந்ததில்ல. நாலு நாளு அவுக என் கண்ணு முன்னால இருப்பாகன்னு நெனச்சேன். அம்புட்டுத்தான். கடலப் பாக்குறதுக்கு இல்ல."

இதை நான் தங்கச்சாமியிடம் சொல்லவில்லை. சொல்ல வேண்டியிருக்கவில்லை. மறுநாள் அவரே முதலாளி அறைக்கு வந்து, சுவரைத் தொட்டுவிட்டு, வாசல்படியில் நின்றபடி, "உள் ரூமே போடுங்க தம்பி" என்றார். "அவ 'போயிட்டு வாங்க'ன்னுதான் சொல்லுதா. மொகத்தப் பாத்தா அப்படித் தெரியல." பிறகு சந்தேகத்தோடு, "கதவத் தொறந்து வச்சுக்கிடலாம்ல?" என்று கேட்டார். போனைப் பார்த்துக்கொண்டிருந்த ஹரிபிரசாத், "தாராளமா" என்றார்.

கொச்சியில் கப்பல் ஏறும்போது தங்கச்சாமி அதன் இரும்புச் சுவரில் உள்ளங்கையை வைத்தார். வெள்ளை உடுப்புப் போட்ட சிப்பந்தி ஒருவர், கப்பலைச் சோதிக்க வந்த அதிகாரியோ என்று நிமிர்ந்து நின்றார். மேல்தளத்தில் வரிசையாகத் தொங்கிய உயிர்காக்கும் படகுகளை எண்ணிப் பார்த்ததில் இவருக்குத் திருப்தி. அய்யம்மாள் புதுப் பருத்திச் சேலையில் வந்திருந்தார். உடம்பில் மின்சாரம் ஏற்றிவிடும் என்று அந்த வீட்டில் பட்டும் நைலானும் வாசல் மிதித்ததில்லை.

சிக்கல், அறைக் கதவில் வந்தது. கையை விட்டால் தானாகவே சாத்திக்கொள்ளும் கனமான கதவு. தங்கச்சாமி தன் செருப்பைக் கழற்றி இடுக்கில் வைத்தார். அறை சுத்தம் செய்யும் மலையாளப் பையன் அதை எடுத்து, பணிவாக ஓரத்தில் வைத்தான். இவர் மறுபடி வைத்தார். மூன்றாம் முறை இருவரும் நேருக்கு நேர் நின்றார்கள்.

"சேட்டா, இது ஃபயர் டோர். தீ பிடிச்சால் கதவு அடச்சிருக்கணும். அதாணு ரூல்."

"தம்பி, நான் முப்பத்திரண்டு வருசமா தீயோட குடித்தனம் பண்றவன். தீன்னா கதவு தொறந்து கெடக்கணும். எங்கிட்டயே சொல்லுதியே."

கப்பலில் தீ பரவக் கூடாது என்பது அவன் கவலை. மருந்து பற்றினால் மனிதன் வெளியே பாய வேண்டும் என்பது இவர் கவலை. இரண்டு பேரும் தத்தம் வேலையை ஒழுங்காகப் படித்தவர்கள். நான் வெறும் லேபிள்காரன், நடுவில் நின்று வேடிக்கை பார்த்தேன். கடைசியில் பையன் செருப்பை இவர் கையிலேயே கொடுத்து, இனி வைத்தால் மேலிடத்தில் சொல்ல வேண்டி வரும் என்று சொல்லிவிட்டுப் போனான்.

எங்கள் பால்கனியைப் பற்றியும் சொல்ல வேண்டும். முதல் நாள் அங்கே நின்றபோது காற்று என் வேட்டியை முகத்தில் சுருட்டி அடித்தது. என் மனைவிக்கு அலையைப் பார்த்தால் தலை சுற்றியது. கண்ணாடிக் கதவை இழுத்துச் சாத்தி, திரையும் போட்டுவிட்டு, டிவி பார்த்தோம். அறையை அவர்களோடு மாற்றிக்கொள்ளலாமே என்று எனக்குத் தோன்றாமல் இல்லை. தோன்றிக்கொண்டே இருந்தது. அதற்குள் இரண்டாம் நாள் வந்துவிட்டது.

அன்று மத்தியானம் சாப்பிட்டுவிட்டு, கீழ்த்தள நடைபாதை வழியாகப் போனேன். இருபுறமும் சாத்திய கதவுகள். ஒன்றின் முன்னால் மட்டும், கம்பளத்தில், சுவரில் சாய்ந்து தங்கச்சாமி உட்கார்ந்திருந்தார். செருப்பு பக்கத்தில் ஜோடியாகக் கிடந்தது. இடது காலை நீட்டிக் கதவிடுக்கில் கொடுத்திருந்தார். ஒரு சாண் திறந்திருந்தது. கதவின் கனம் அழுத்திப் பாதம் கன்றிச் சிவந்திருந்தது.

"என்ன போர்மேன், வெளிய உக்காந்துட்டீங்க?" என்றேன்.

உதட்டில் விரலை வைத்தார். இடுக்கு வழியாக உள்ளே குறட்டைச் சத்தம் கேட்டது.

"சத்தம் போடாதீக அண்ணாச்சி" என்றார் மெதுவாக. "பகல்ல தூங்குறா."

கால் மரத்துப்போயிருக்க வேண்டும். முகத்தைச் சுளித்துக்கொண்டு கொஞ்சம் நகர்ந்தார். வலது காலை இடுக்கில் கொடுத்துக் கதவை நிறுத்திக்கொண்ட பிறகுதான் இடது காலை வெளியே எடுத்தார்.