இரண்டு செங்கோட்டை

முத்துசெல்விக்கு அந்த ஆபீசில் என்ன வேலை என்று யாராவது கேட்டால் ஜோஷ்வா முந்திக்கொண்டு சொல்லுவான்: "அக்காதான் எங்க தரகர். முகங்குடுத்துப் பேசாத ரெண்டு பேர ஒரே வீட்டுல குடிவைக்கிறது சும்மாவா?"

அவள் சிரிப்பாள். முன்பெல்லாம் நன்றாகவே சிரித்தாள். இப்போது உதடு மட்டும் அசையும்.

குத்துக்கல்வலசையில் ஒரு மருந்துக்கடைக்கு மேலே அந்த ஆபீஸ். குற்றாலத்துக்குச் சீசனில் வருகிறவர்கள் அருவிக்குப் போக வேனில் சீட்டுப் பிடிக்கிற ஆப் ஒன்றை சண்முகநாதன் அண்ணாச்சி நடத்துகிறார். ஜோஷ்வா ஆபீசில் உட்கார்ந்து புரோகிராம் எழுதுவான். சமீனா அச்சன்புதூரில் வீட்டிலிருந்தபடியே எழுதுவாள். கைப்பிள்ளைக்காரி, மாப்பிள்ளை சவூதியில். ஒரே புரோகிராமை ஆளுக்கொரு நகல் எடுத்துத் தனித்தனியாக மாற்றுவார்கள். அந்த நகலுக்குப் பெயர் பிராஞ்ச். சாயங்காலம் இரண்டையும் ஒன்றாகச் சேர்ப்பது முத்துசெல்வியின் பாடு. ஒரே வரியை இரண்டு பேரும் வேறு வேறாக மாற்றியிருந்தால் கம்ப்யூட்டர் சேர்க்காமல் நின்றுவிடும். இரண்டு வரியையும் மேலும் கீழுமாகப் போட்டு, எது வேண்டுமென்று நீயே சொல் என்று காத்திருக்கும்.

திருவேங்கடத்துக் கரிசலில் பிறந்து, சென்னையில் கொஞ்சகாலம் வேலை பார்த்து, வேல்சாமியைக் கட்டித் தென்காசிக்கு வந்தவள். சென்னையில் அவளும் புதிதாக எழுதிக்கொண்டுதான் இருந்தாள். இங்கே வந்த பிறகு பிறர் எழுதியதைச் சேர்ப்பதே தொழிலாகிப்போயிற்று. வீட்டில் வேல்சாமிக்கும் அவன் தம்பிக்கும் நடுச்சுவர் சண்டை. அங்கேயும் இரண்டு பக்கமும் கேட்டுக்கொள்கிறவள் அவள்தான்.

அந்த வெள்ளிக்கிழமை மத்தியானத்திலிருந்தே சாரல். ஜன்னல் கம்பியில் ஈரம் கோத்து நின்றது. அண்ணாச்சி படியேறி வந்ததுமே குரல் உயர்ந்திருந்தது.

"செங்கோட்டை ஸ்டேஷன்ல மறுபடியும் அதே கூத்து. ரயில விட்டு எறங்குனவுக நனஞ்சுக்கிட்டு நிக்காவ. ஆப்புல பாத்தா வண்டியே இல்லங்குது. நம்ம நயினாரு காலி வேன வச்சுக்கிட்டு அங்கனயேதான் நிக்கான்! அவனுக்கு ஆளு இல்லன்னு காட்டுது, ஆளுக்கு வண்டி இல்லன்னு காட்டுது."

"பாக்கேன் அண்ணாச்சி."

"என்னத்தப் பாக்க? அந்தப் பிள்ள எழுதுனதச் சேத்தாலே என்னமும் ஒடையுது. தொட்டில் ஆட்டிக்கிட்டே கம்ப்யூட்டர் தட்டுனா இப்படித்தான். இன்னைக்கும் சேரலைன்னா அவ பங்கத் தூக்கிப் போட்டுரு. திங்கக்கிழமையிலேருந்து வேண்டாம்னு நான் சொல்லிருதேன்."

ஜோஷ்வா காதில் ஒயரை மாட்டிக்கொண்டான்.

முத்துசெல்வி சேர்க்கும் கட்டளையைக் கொடுத்தாள். எதிர்பார்த்த இடத்திலேயே நின்றது. மேலே ஜோஷ்வாவின் வரி: செங்கோட்டை. கீழே சமீனாவின் வரி: செங்கோட்டை.

இந்த வாரம் முழுக்க இதே கதைதான். இங்கிலீஷில் இருந்த ஊர்ப் பெயர்களைத் தமிழில் மாற்றச் சொல்லியிருந்தார் அண்ணாச்சி. இரண்டு பேரும் மாற்றினார்கள். இரண்டு வரியும் ஒரே மாதிரிதானே இருக்கின்றன, கம்ப்யூட்டருக்குத்தான் கிறுக்கு என்று நினைத்து, தினமும் மேலே இருந்ததையே வைத்துக்கொண்டு அவள் நகர்ந்திருந்தாள். யோசிக்கிற தெம்பு இல்லை. இன்று அண்ணாச்சி சொன்னபடி ஒரு தட்டு தட்டினால் சமீனாவின் பங்கு மொத்தமும் போய்விடும். வீட்டுக்கும் போகலாம்.

கை அந்தப் பக்கம் போனது. நின்றது. சமீனாவின் மாமியார் சைதூன் பீவி, பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு ஒருநாள் ஆபீசையே பார்க்க வந்தது ஞாபகம் வந்தது. "எம் மருமவ ஒக்காருத நாற்காலி எது?" என்று கேட்டாள். அப்படி ஒன்று இல்லை என்று சொல்ல மனமில்லாமல் முத்துசெல்வி தன் நாற்காலியைக் காட்டியிருந்தாள்.

எரிச்சலில், இரண்டையும் அழித்துவிட்டுத் தானே அடிப்போம் என்று கீழ் வரியின் கடைசியில் அம்புக்குறியை வைத்து அழித்தாள். 'ட்டை' போயிற்று. இன்னொரு தட்டு: 'கோ' இருந்த இடத்தில் 'க' நின்றது. மேல் வரிக்குப் போனாள். 'ட்டை' போயிற்று. இன்னொரு தட்டு.

'கே' நின்றது.

கொம்பு இருக்கிறது, கால் மட்டும் போயிருக்கிறது.

திரும்பப் போட்டு மறுபடியும் அழித்துப் பார்த்தாள். ஒன்றில் கொம்பும் காலும் ஒரே துண்டு. மற்றதில் கொம்பு தனி, கால் தனி. ஒட்டி நிற்பதால் கண்ணுக்கு ஒன்றாகத் தெரிகிறது. கம்ப்யூட்டருக்கு இரண்டும் வேறு வேறு ஊர். வேன் ஒரு செங்கோட்டையில் நிற்கிறது, ஆட்கள் இன்னொரு செங்கோட்டையில் நனைகிறார்கள். தென்காசியிலும் இலஞ்சியிலும் ஏன் ஒருநாளும் தகராறு வரவில்லை என்பதும் அப்போது புரிந்தது. அந்தப் பெயர்களில் கொம்பும் காலும் சேர்ந்த எழுத்தே கிடையாது.

"ஏலே ஜோஷ்வா, இந்த ஊர்ப் பேரெல்லாம் நீ அடிச்சதா?"

ஒயரைக் கழற்றினான். "நான் எங்கக்கா அடிச்சேன்? அண்ணாச்சி வாட்ஸப்புல அனுப்புனாவ. அப்படியே எடுத்து ஒட்டுனேன்."

அண்ணாச்சி நிமிர்ந்தார். அவர் கற்றது டைப்ரைட்டர் முறை. கொம்பை ஒரு விரல் தட்டும், காலை இன்னொரு விரல் தட்டும். இன்றைக்கும் அவருடைய பழைய கம்ப்யூட்டரில் அதே முறைதான்.

"நான் சரியாத்தானம்மா அடிச்சேன்? எழுத்துப் பிழை ஒண்ணு காட்டு பாப்போம்."

"பிழை இல்ல அண்ணாச்சி. நீங்க அடிச்சதும் சரி, சமீனா அடிச்சதும் சரி. ரெண்டும் ஒண்ணுன்னு நெனச்சு ஒண்ண மட்டும் வச்சேன் பாருங்க, அதுதான் தப்பு. வண்டி நேரமெல்லாம் அவ எழுதுன பக்கம் இருக்கு. அங்கன அவ செங்கோட்டை, இங்கன ஒங்க செங்கோட்டை."

அழித்துக் காட்டினாள். 'கே' என்று நின்றதை அவர் கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு பார்த்தார்.

"அப்போ நம்மகிட்ட ரெண்டு செங்கோட்டை இருக்குன்னு சொல்லுத."

"ரெண்டு சொக்கம்பட்டியும் இருக்கு அண்ணாச்சி. ரெண்டு பொட்டல்புதூர், ரெண்டு சங்கரன்கோவில்."

ஜோஷ்வா வாய்விட்டுச் சிரித்தான். "தனி ஜில்லாவே கேக்கலாம் போல."

"சிரிக்காதலே," என்றார் அண்ணாச்சி. கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "திங்கக்கிழமை நான் சொன்னது... அத விட்டுரு. அந்தப் பிள்ளைகிட்ட ஒண்ணும் சொல்லிக்காத."

படியிறங்கிப் போனார்.

முத்துசெல்வி எல்லாப் பெயர்களையும் ஒரே வகைக்கு மாற்றினாள். இனி யார் எப்படி அடித்தாலும் உள்ளே நுழையும்போதே மாறிக்கொள்ளும்படி ஒரு வரியும் எழுதினாள். வெகுநாளைக்குப் பிறகு அவளே எழுதிய வரி. பிராஞ்ச் சேர்ந்தது. நயினாரின் வேனில் ஆட்கள் ஏற ஆரம்பித்ததாகக் காட்டியது.

சமீனா போனை முதல் மணியிலேயே எடுத்தாள். பின்னால் பிள்ளை அழுதது.

"அக்கா, என்னைய நிப்பாட்டிட்டாவளா?"

"யாருட்டி சொன்னா?"

"காலையிலேருந்து ஒருத்தரும் ஒரு மெசேஜும் போடல. அதான்."

"ஒண்ணுமில்ல. ஒன்னோடது சேந்துட்டு."

பிள்ளையின் அழுகை தூரமாகிப் பிறகு கிட்டே வந்தது. மூக்கை உறிஞ்சிக்கொண்டு சமீனா சொன்னாள்: "அப்போ அக்கா, பயத்துல அனுப்பாம வச்சிருந்த இன்னொரு பிராஞ்ச் இருக்கு. இப்ப அனுப்பவா?"

முத்துசெல்வி தோளில் மாட்டியிருந்த பையைப் பார்த்தாள். கழற்றி மேசைமேல் வைத்தாள்.

"அனுப்பு," என்றாள்.