தாசில்தார் வீட்டு சிமென்ட் முற்றம்

எதிர்வீட்டு மாதேவன் பிள்ளையின் பேரன் நேற்றிலிருந்து முற்றம் முழுக்க சிமென்ட் போடுகிறான். ஈர சிமென்டின் வாசனை சன்னல் வழியாக என் காப்பி வரைக்கும் வந்துவிட்டது. மற்றவர்களுக்கு அது புதுவீட்டு வாசனையாக இருக்கலாம். எனக்கு அதை முகர்ந்தால் கூடவே நனைந்த நெல்லின் நாற்றமும் வரும். இரண்டுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பீர்கள். சொல்கிறேன், நீங்களும் கொஞ்சம் மூக்கைப் பிடித்துக்கொள்ளுங்கள்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளில் இந்தத் தெருவில் முதன்முதல் மோட்டார் கார் வாங்கியவர் எங்கள் அடுத்த வீட்டுக்காரர், தாசில்தார் வேலையிலிருந்து ஓய்வு பெற்ற சிவதாணு பிள்ளை. கார் வாங்கியதோடு நின்றிருந்தால் தெரு பிழைத்திருக்கும். திருவனந்தபுரத்தில் ஏதோ ஒரு துரை பங்களாவில் கேட்டிலிருந்து வாசற்படி வரை கார் போக சிமென்ட் பாதை போட்டிருப்பதைப் பார்த்துவிட்டு வந்தார். அன்றிலிருந்து மனிதருக்கு மண்ணில் கால் வைப்பதே கேவலமாகிவிட்டது. செருப்போடு நடந்துகொண்டே, "இது முற்றமாடே? மாட்டுத் தொழுவு!" என்பார். அந்த மாட்டுத் தொழுவில் தவழ்ந்து வளர்ந்தவர்தான்.

பிளான் போட என்னைக் கூப்பிட்டார். நான் அப்போது ஒரு கான்ட்ராக்டரிடம் படம் வரைகிறவனாகச் சேர்ந்த புதிது. கோட்டும் போட்டுக்கொண்டு, காது இடுக்கில் பென்சிலும் செருகிக்கொண்டு, என்னைவிட என் பென்சில் கர்வமாக இருந்த காலம். போர்ட்டிகோ வரை பாதை, நடுவில் கார் சுற்றி வர வட்டம், வட்டத்துக்குள் ரோஜாச்செடி, சாயங்காலம் காற்று வாங்க சிமென்ட் பெஞ்சு, மிச்சமிருக்கிற மண்ணெல்லாம் சிமென்ட் தளம் என்று அவர் அடுக்கிக்கொண்டே போனார். காற்று வாங்க அவருக்கு வீட்டில் இடமில்லாமல் இல்லை. பிறர் பார்க்க வாங்க வேண்டுமே!

அவர் மனைவி பகவதியம்மை கதவுக்குப் பின்னால் நின்று என்னிடம் ஒன்றே ஒன்று கேட்டாள். "மக்கா, பிறவு நெல்லு எங்க காயப் போடதுக்கு?"

"ரோசாப்பூ காயப் போடு" என்றார் சிவதாணு பிள்ளை. தன் பேச்சுக்குத் தானே சிரிக்கும் வழக்கம் உத்தியோகத்தில் வந்த நோய்.

அடுத்தது தண்ணீர் வாட்டம், அதாவது தண்ணீர் வடிய தளம் எந்தப் பக்கம் சரிய வேண்டும் என்பது. முற்றத்துத் தண்ணீர் அதுவரை தெருவுக்குத்தான் ஓடும். தெருவின் ஓடை எதிர்ப்புறம், மாதேவன் பிள்ளை வீட்டை ஒட்டிப் போயிற்று. அவர் அதில் ஒரு வாய் வெட்டித் தன் தென்னைகளுக்குத் திருப்பியிருந்தார். அதில் யாருக்கும் நஷ்டமில்லை. ஆனால் மாதேவன் பிள்ளை, சிவதாணு பிள்ளையின் சொந்த அக்காள் மகன்.

எங்கள் பக்கத்தில் முன்பு மருமக்கள் வழி. குடும்பத் தலைவரான காரணவருடைய சொத்து பெற்ற பிள்ளைகளுக்குப் போகாது, சகோதரி பிள்ளைகளுக்குப் போகும். பிறகு சட்டம் மாறி, குடும்பத்தைப் பங்கு வைத்தபோது எதிர்வீடும் தென்னந்தோப்பும் மருமகனுக்குப் போயின. தாசில்தாருக்கு அது தொண்டையில் சிக்கிய முள். பங்குக்குப் பின் மருமகனோடு பேச்சே இல்லை.

"வாட்டம் தெருவுக்குத்தானே?" என்றேன்.

"எனக்க வீட்டு மழையில அவனுக்க தெங்கு காய்க்கணுமாக்கும்? உள்ளாற திருப்புடே. ஒரு சொட்டு அங்க போவப்படாது."

"உள்ளே திருப்பினா அறைப்புரைப் பக்கமாத்தான் போகும்..."

"அது பக்கத்துல ஒரு ஓடை வைச்சு பின்னால எனக்க தோப்புக்கு விடு. படிச்சவன்தானே நீ?"

அறைப்புரை என்றால் நெல் சேமிக்கும் அறை. மழையைக்கூடப் பாகப்பிரிவினை செய்ய நினைத்த அந்த மகாபுத்தியை என்னவென்று சொல்ல! அவர் விரலால் சுட்டிய பக்கம் அம்புக்குறி போட்டுக் கொடுத்தேன். அம்புக்குறி மட்டும் அழகாக வந்தது.

சிமென்ட் போட்டார்கள். வட்டம் காருக்குப் போதவில்லை. டிரைவர் முன்னும் பின்னுமாக முக்கி முக்கித்தான் திருப்புவான். சிவதாணு பிள்ளை பின் சீட்டில் ஒன்றுமே நடக்காதவர்போல் நேராகப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். தெரு வேலிக்கு வேலி நின்று பார்த்தது.

கன்னிப்பூ என்கிற முதல் போகத்து அறுப்பு முடிந்து நெல் அறைப்புரைக்குப் போயிற்று. ஐப்பசியில் மழை பிடித்தது, விடவே இல்லை. ஓடையில் இலையும் சேறும் அடைத்துக்கொள்ள, முற்றத்துத் தண்ணீர் முழுவதும் என் அம்புக்குறி காட்டிய வழியே நேராக அறைப்புரைக்குள் போனது. மழை விட்ட காலையில் பகவதியம்மை கதவைத் திறந்தபோது அடிநெல் சூடேறி முளைவிடத் தொடங்கியிருந்தது. அடுத்த அறுப்பு வரை அந்த வீட்டின் சோறும், வேலைக்காரர்களின் கூலியும் அதுதான். அன்றே வெயிலில் பரப்பாவிட்டால் எல்லாம் குப்பைக்குத்தான். சிமென்ட் முற்றமோ குளமாகக் கிடந்தது. ரோஜாச்செடி மட்டும் தலையை நீட்டிக்கொண்டிருந்தது.

நானும் வேடிக்கை பார்க்க ஓடியிருந்தேன். பகவதியம்மை புருஷனைத் திரும்பியும் பார்க்கவில்லை. நனைந்த நெல்லை ஒரு பனையோலைக் கடவத்தில் அள்ளித் தலையில் வைத்துக்கொண்டு, தண்ணீரில் இறங்கி, தெருவைத் தாண்டி, எதிர்வீட்டுக்குப் போனாள். அங்கே கேட் கிடையாது, வேலியில் ஒரு திறப்புதான். மண் முற்றத்தில் தண்ணீர் ஓடி வடிந்து, வெயில் விழுந்திருந்தது.

மாதேவன் பிள்ளை எழுந்து வந்தார். வேண்டாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் அந்த வீட்டில் உலை ஏறாது.

"மாமி, அங்க ஈரம். இஞ்ச தள்ளி கொட்டுங்க" என்றார். பிறகு உள்ளே பார்த்து, "ஏட்டி, பாயெல்லாம் எடுத்துட்டு வா" என்று மனைவியைக் கூப்பிட்டார்.

அவ்வளவுதான். வேலைக்காரர்கள் வரிசையாக நெல்லைச் சுமந்து வந்தார்கள். ஒரு சொட்டும் போகக் கூடாத வீட்டுக்கு ஒரு அறைப்புரையே போயிற்று. சிவதாணு பிள்ளை சிமென்ட் பெஞ்சின் மேல் ஏறி நின்றார்; கீழே தண்ணீர். மருமகன் முற்றத்தில் காக்கைகள் இறங்கியதும் பொறுக்க முடியாமல், "சூ! சூ!" என்று கையை வீசினார். தெரு சிரித்தது. நான் கொஞ்சம் அதிகமாகவே சிரித்தேன்.

அப்புறமும் அவர் திருந்தவில்லை, மருமகனோடு பேசவும் இல்லை. சிமென்டை உடைக்கச் சொன்னால் மானம் போய்விடுமாம். ஆனால் பகவதியம்மை சாகும்வரை ஒவ்வொரு அறுப்புக்கும் அவள் நெல் எதிர்வீட்டு முற்றத்தில்தான் காய்ந்தது. காக்கை விரட்டுவது மட்டும் பெஞ்சிலிருந்து அவர்.

நேற்று பேரனிடம் கேட்டேன். "வாட்டம் எந்தப் பக்கம் மக்கா?"

"ரோட்டுக்குத்தான் தாத்தா. பிறவு எங்க போனா நமக்கென்ன?"

தென்னையை எல்லாம் வெட்டியாயிற்று. தெரு ஓடையை மூடிக் கடை வைத்துவிட்டார்கள். எங்கள் தெருவில் நெல் உள்ள வீடே கிடையாது. சிவதாணு பிள்ளையை நான் இன்றும் மதிக்கவில்லை; ஆனால் தன் வீட்டுத் தண்ணீர் எங்கே போகிறது என்று கவலைப்பட்ட கடைசி ஆள் அவர்தான் என்பது வெட்கக்கேடாக இருக்கிறது. பகவதியம்மை கடவத்தோடு நுழைந்த வேலித் திறப்பில் பேரன் ஆள் உயர இரும்புக் கேட் மாட்டியிருக்கிறான். இனி யார் வந்தாலும் வெளியே நின்று மணி அடிக்க வேண்டும்.