ஏற்காட்டுத் தியேட்டரின் கடைசிக் கூட்டம்

காலை 7.10. கல்லூரி நாளில் மழைக்கு ஒதுங்கி, பாதிப் படம் மட்டும் பார்த்துவிட்டு வந்த ஏற்காட்டுத் தியேட்டரை இடிக்கிறார்கள் என்று தோழி சொன்னாள். சேலத்தில் பஸ் ஏறினேன். முப்பது கிலோமீட்டர்தான், பாதி வழியிலேயே பனி மூடிவிட்டது.

8.40. கடைவீதியில் டீ பதினைந்து ரூபாய். குடித்துவிட்டு நடந்தேன். தியேட்டர் கேட்டருகே இரண்டு மூட்டைகளோடு ஓர் அம்மாள் நின்றிருந்தார். பெயர் ஸ்டெல்லா. பெண்கள் கவுண்டரில் டிக்கெட் கொடுத்தவர். கணவர் ஆரோக்கியசாமி படம் ஓட்டிய ஆபரேட்டர்.

"படம் நின்னப்பறம் கல்யாண மண்டபமாச்சுங்க. அப்பறம் காப்பிக்கொட்டை மூட்டை அடுக்கினாங்க. மாடிப்படிக்குக் கீழ ரூம்புல நாங்க மட்டும் அப்படியே இருந்தோம். இப்ப லாட்ஜு கட்டப் போறாங்க அம்மிணி."

இடிப்பு வேலையைப் பார்க்கும் இளைஞர் தயங்கியபடி வந்தார். "பத்து மணிக்குக் கூரைத் தகரத்த எறக்கணும்மா. அய்யாவக் கூப்பிடுங்க."

அய்யா விடிந்ததிலிருந்து மேலே, மெஷின் ரூமில் இருந்தார். ஸ்டெல்லாவோடு ஏறிப் போனேன். மெஷின் எப்போதோ போய்விட்டது. தரையில் நான்கு போல்ட்டுகள் மட்டும் மிச்சம். பார்வை மங்கிய அந்த மனிதர் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார்.

"ஏனுங்க, நேரமாச்சுங்க."

"கூட்டம் வெளிய போகாம ஆபரேட்டர் எறங்கக் கூடாது. கீழ ஆளுக நடமாட்டம் கேக்குதில்ல?"

மறதியா என்று ஸ்டெல்லாவிடம் மெல்லக் கேட்டேன்.

"மறதியெல்லாம் இல்லீங்க. போக மனசில்ல."

ஸ்டெல்லா கணவரோடு வாதாடவில்லை. என்னோடு கீழே இறங்கிப் போய் அந்த இளைஞரிடம், "சாமி, ஆளுகளக் கொஞ்சம் வெளிய கூட்டிக்கிட்டுப் போ கண்ணு," என்றார். இளைஞர் ஒரு கணம் விழித்தார். பிறகு கையைத் தட்டினார். கடப்பாரைகளைக் கீழே போட்டுவிட்டு எட்டுப் பேரும் வெளியே நடந்தார்கள்.

நாங்கள் மறுபடி மேலே ஏறியபோது ஆரோக்கியசாமி, படம் பாயும் சதுரத் துளையில் காதை வைத்திருந்தார். கடைசிச் செருப்புச் சத்தம் அடங்கியது. இன்னும் கொஞ்ச நேரம் கேட்டார். அப்புறம் எழுந்து, மனைவிக்காகக் கையை நீட்டினார். நான் மறு கையைப் பிடித்துக்கொண்டேன். நாங்கள் கேட்டைத் தாண்டும்வரை வேலையாட்கள் உள்ளே வரவில்லை.

11.20. ஒரே பஸ்ஸில் மூவரும் மலையிறங்கினோம். வளைவுக்கு வளைவு பனி விலகி வெயில் ஏறியது. அடிவாரத்தில் மகள் இருக்கிறாளாம். "அவ ஊடும் ஒத்த ரூம்புதானுங்க. அவளுக்கு மூணு புள்ளைங்க. பாப்போம்," என்றார் ஸ்டெல்லா.

நான் சேலத்தில் என் வீட்டுக்குப் போகிறவள்.

அடிவாரத்தில் மூட்டைகளை இறக்கிக் கொடுத்தேன். ஆரோக்கியசாமிக்கு வேர்த்துக் கொட்டியது. நடுரோட்டிலேயே ஸ்டெல்லா அவர் ஸ்வெட்டரைக் கழற்றினார்.

"மலை எந்தப் பக்கம்?" என்று கேட்டார் அவர்.

ஸ்டெல்லா அவர் தோளைப் பிடித்துத் திருப்பிவிட்டார். நான் அவர் முகத்தைப் பார்ப்பதற்குள் பஸ் கிளம்பிவிட்டது.