நடுப்பெட்டியின் தூக்கம்

அம்பத்தூர் எஸ்டேட்டில் வேலைக்குச் சேர்ந்த புதிதில், அது என்ன வேலை என்று அப்பாவுக்குச் சொல்ல ரொம்பவே திணறினேன். அப்பா ஆவடி மார்க்கெட்டில் மூட்டை இறக்குகிறவர். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போய், கல்லூரியையும் முடித்தவன் நான் ஒருவன்தான். அதனால் எதைக் கேட்டாலும் என்னிடம் தெளிவான பதில் இருக்கும் என்று அவருக்கு ஒரு நம்பிக்கை.

முன்பெல்லாம் செல்போன் நெட்வொர்க்கை ஒரே கம்பெனி மொத்தமாகச் செய்து கொடுத்துவிடும். இப்போது கல்யாணத்துக்குப் பந்தல்காரர், சமையல்காரர், மேளக்காரர் என்று தனித்தனியாகப் பிடிப்பதுபோல, சிக்னல் தருகிற பெட்டியை ஒருவரிடமும் அதை நடத்துகிற செயலிகளை வேறு வேறு ஆட்களிடமும் வாங்குகிறார்கள். அந்தச் செயலிகள் சண்டை போட்டுக்கொள்ளாமல் பார்ப்பது என் வேலை என்றேன்.

அப்பா உடனே கேட்டார்.

"அப்போ பந்தில சாம்பார் ஆறிப்போச்சுன்னா யாரக் கேப்பாங்கோ?"

"என்னத்தாம்பா."

"சமைச்சவன உட்டுட்டு உன்னயா?" என்று சிரித்தார். நானும் சிரித்தேன். அதில் சிரிக்க ஒன்றுமில்லை என்று பிறகுதான் தெரிந்தது.

அப்போது நான் புரொபேஷனில் இருந்தேன். செம்பரம்பாக்கத்தில் ஒரு கிடங்கில் எங்கள் நெட்வொர்க்கைச் சோதனையாக ஓட்டப்போகிறோம், அது நன்றாக நடந்தால் உன்னை நிரந்தரமாக்கிவிடலாம் என்று மேனேஜர் சொல்லியிருந்தார். நான் இதை வீட்டில் சொன்னதுதான் தாமதம், ஆர்டர் வந்ததும் பொங்கல் வைக்கிறேன் என்று அம்மா அம்மனிடம் வேண்டிக்கொண்டுவிட்டார். சேக்காட்டில் எங்கள் தெருவே அந்த ஆர்டருக்காகக் காத்திருந்தது.

செயலிகள் இரண்டு. ஒன்று மின்சாரத்தை மிச்சப்படுத்தும். இணைந்திருக்கும் கருவிகளின் கூட்டம் குறைந்த பெட்டியைத் தூங்க வைத்துவிடும். அதைப் பார்த்துக்கொண்டவர் மதுரையிலிருந்து வந்து அம்பத்தூரில் ஃபிளாட் எடுத்திருந்த ஓர் அக்கா. இன்னொன்று கூட்டத்தைப் பிரித்துவிடும். ஒரு பெட்டி நெரிந்தால் பாதிக் கருவிகளைப் பக்கத்துப் பெட்டிக்குத் தள்ளும். அது கள்ளிக்குப்பத்துக்காரன் ஒருவனுடையது. என்னை முதல் நாளே மச்சான் ஆக்கிக்கொண்டவன். இருவருக்கும் நடுவில்தான் என் நாற்காலி. இரண்டு செயலிகளும் பெட்டியின் ஒரே அமைப்பை, அதாவது ஒரே செட்டிங்கை, ஒரே நேரத்தில் மாற்றப் பார்த்தால் ஒன்றைத் தடுத்து நிறுத்தும் நிரல் என்னுடையது. அதற்கு மத்தியஸ்தன் என்று பெயர் வைத்திருந்தேன். ஆய்வுக்கூடத்தில் வாரக்கணக்கில் ஓட்டியும் ஒரு மோதல்கூட வரவில்லை. என் நிரல் நன்றாக இருக்கிறது என்றே எல்லோரும் நினைத்தோம்.

கிடங்கின் கூரையில் மூன்று பெட்டிகள் மாட்டினோம். காலையில் எல்லாம் ஒழுங்காக நடந்தது. மத்தியானம் பாதிப் பேர் சாப்பிடப் போனதும், பார்சல்களை ஸ்கேன் செய்கிற கைக்கருவிகள் ஒவ்வொன்றாக நின்றன. திரையில் வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது. கிடங்கு சூப்பர்வைசர் என்னிடம் வந்து, "சார், உங்க வைஃபைய கழட்டிக்கினு போயிடுங்க. எங்களுக்குப் பழசே போதும்" என்றார். இது வைஃபை இல்லை என்று நான் விளக்கப் போனேன். அவர் நின்று கேட்கவில்லை.

பூந்தமல்லி வரும்வரை பஸ்ஸில் பெட்டிகளின் இயக்கப் பதிவுகளைப் படித்தேன். அக்காவின் செயலி, நடுப்பெட்டியில் ஆளில்லை என்று தூங்க வைத்திருந்தது. சரிதான். மச்சானின் செயலி, ஓரப்பெட்டி நெரிகிறது என்று நடுப்பெட்டிக்குக் கருவிகளைத் தள்ளியிருந்தது; அவை வந்ததும் பெட்டி தானாக விழித்திருந்தது. அதுவும் சரிதான். வந்தவை கொஞ்சம்தான் என்று அக்காவின் செயலி பெட்டியை மறுபடி தூங்க வைக்க, அவை தானாக ஓரப்பெட்டிக்கே திரும்பியிருந்தன. இப்படியே மாறி மாறி அலைந்ததில் கருவிகளுக்குத் தொடர்பு அறுந்துகொண்டே இருந்தது. ஒன்று தொட்டது தூக்கத்தை, மற்றது தொட்டது எந்தக் கருவி எந்தப் பெட்டிக்கு என்கிற எல்லையை. இரண்டும் ஒரே அமைப்பைத் தொடவே இல்லை. ஆகவே மத்தியஸ்தனின் பதிவு காலியாக இருந்தது. யாரும் தப்பு செய்யவில்லை, ஆனால் கருவிகள் நின்றுவிட்டன.

ஆய்வுக்கூடத்தில் மட்டும் இது ஏன் வரவில்லை என்று மறுநாள் உட்கார்ந்து குழம்பிக்கொண்டிருந்தேன். எனக்கு இடப்பக்கம் மச்சான் கையைத் தூக்கி, "அக்கா, என்னுது ஓடுது" என்றான். வலப்பக்கம் அக்கா திரும்பிக்கூடப் பார்க்காமல் தன் செயலியை நிறுத்தினார். நான் சேர்ந்த நாளிலிருந்து தினமும் கேட்கிற வார்த்தைதான். காதில் விழுந்தும் மனசில் ஏறாமலே இருந்திருக்கிறது. அந்த இரண்டு செயலிகளும் அந்த அறையில் ஒரு தடவைகூடச் சேர்ந்து ஓடியதில்லை. மோதலை என் நிரல் தடுக்கவில்லை. இவர்களுடைய நல்ல பழக்கம் தடுத்திருக்கிறது. கிடங்குக் கூரையில் கையைத் தூக்க யார் இருக்கிறார்கள்?

இனிமேல் ஒருவருக்கொருவர் சொல்லாமல் ஓட்டுங்கள் என்று கேட்டுக்கொண்டேன். அக்காவின் முகம் மாறிவிட்டது.

"சொல்லாமக் கொள்ளாம ஓட்டவா? நல்லாருக்கு தம்பி, நீ பாக்குற மத்தியஸ்தம்" என்றார்.

மச்சான், "அது ஒரு மரியாத மச்சான். அதப் போய் கெடுக்குறியே" என்றான்.

கெடுத்தேன். அன்று சாயங்காலமே ஆய்வுக்கூடத்திலும் நடுப்பெட்டி தூங்குவதும் விழிப்பதுமாக இருந்தது. திரையெல்லாம் சிவப்பு. கிடங்கில் வந்த கோளாறு இங்கேயும் கையில் சிக்கிவிட்டதே என்று எனக்கு உள்ளுக்குள் சந்தோஷம். எட்டிப்பார்த்த மேனேஜர், நேற்றுவரை இங்கே நன்றாகத்தானே ஓடியது என்றார். நான் எல்லாவற்றையும் விளக்கிவிட்டு, இந்த மாதிரி நேரத்தில் யார் ஜெயிக்க வேண்டும், மின்சாரமா, கூட்டமா என்று கேட்டேன்.

"ரெண்டு பேரும் நம்ம ஆளுங்கதானேப்பா. அட்ஜஸ்ட் பண்ணிக்கச் சொல்லு" என்று சொல்லிவிட்டுப் போனார்.

மனிதர்களிடம் சொல்லலாம். நிரலுக்கு அதை எப்படி எழுதுவது? அக்காவைக் கேட்டால் மின்சாரம் முதலில் என்றார். மச்சானைக் கேட்டால் கூட்டம் முதலில் என்றான். இருவர் சொன்ன காரணமும் நியாயமாகவே இருந்தது. கடைசியில் எனக்குத் தெரிந்ததை எழுதினேன்: கருவிகள் அதே இரண்டு பெட்டிகளுக்கு நடுவே போய்ப் போய் வந்தால், இரண்டு செயலிகளும் கையைக் கட்டிக்கொண்டு நிற்க வேண்டும்.

செம்பரம்பாக்கத்தில் மறுபடி ஓட்டினோம். மத்தியானம் ஒரு கருவியும் நிற்கவில்லை. சூப்பர்வைசர் டீ வாங்கிக் கொடுத்து, "இப்பதான் சார் பழையபடி கீது" என்று பாராட்டினார். அது பாராட்டுதானா என்ற சந்தேகம் எனக்கு இன்னும் இருக்கிறது. ஏனென்றால் உண்மையிலேயே அது பழையபடிதான் இருந்தது. நடுப்பெட்டி மத்தியானம் முழுக்கத் தூங்கவில்லை, மின்சாரம் மிச்சமாகவில்லை. கூட்டமும் பிரியவில்லை. என் நிரல் இரண்டு பேரையும் நிற்க வைத்துவிட்டு, தானும் நின்றுகொண்டிருந்தது.

மேனேஜர் கூப்பிட்டு, சண்டையை நிறுத்தியது நல்லது, ஆனால் வேலையையும் சேர்த்து நிறுத்திவிட்டாயே என்றார். புரொபேஷனை இன்னும் மூன்று மாதம் நீட்டிப்பதாகச் சொன்னார். அதைக் கோபமாகவும் சொல்லவில்லை.

வீட்டுக்குப் போனபோது அப்பா குளித்துவிட்டு வாசலில் நின்று தலை துவட்டிக்கொண்டிருந்தார்.

"இன்னாடா, ஆர்டர் வந்துச்சா?"

"இன்னும் மூணு மாசம் ஆவுமாம்பா."

"ஏன், சாம்பார் ஆறிப்போச்சா?"

"ஆறல."

"அப்புறம் இன்னா?"

"பந்தியே போடலப்பா."

அவர் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டார். "அப்போ நீ செஞ்சது நல்லதா, கெட்டதா?"

தெரியவில்லை என்றேன். உள்ளேயிருந்து அம்மா, அப்போது பொங்கலை இந்த வாரம் வைக்கலாமா கூடாதா என்று கேட்டார்.