சகனிலிருந்து எழுந்தவன்

எனக்கு உட்கார்ந்து சாப்பிடப் பொறுமை கிடையாது. அன்றைக்குச் சுத்தமாக இல்லை. காரைக்குடியில் தங்கையின் நிக்காஹ். கடல் தாண்டி ஓர் ஊரில் பருவநிலைப் பேச்சுவார்த்தை; முந்தைய நாளே முடிந்திருக்க வேண்டியது, சவ்வாக இழுத்துக்கொண்டிருந்தது. அதில் ஒரு குழுவுக்கு வரைவு எழுதுகிறவன் நான். கல்யாணத்துக்காகப் பாதியில் ஓடிவந்திருந்தேன். உடம்புதான் வந்திருந்தது.

அந்த வரைவில் ஒரே ஒரு வாக்கியம்தான் எனக்கு உயிர்: வெயிலில் வேலை செய்கிறவர்களைக் காப்பது எல்லா நாடுகளின் கடமை. அதை எழுத வைத்தது அண்ணன். வளைகுடாவில் மொட்டைமாடிகளில் ஏசி மாட்டுகிறவன். போன கோடையில் மேலேயே மயங்கி விழுந்தான். அடுத்த வாரம் மறுபடி அங்கேதான் போகிறான்.

மாமு, அண்ணன், நான் மூவரும் ஒரு சகனைச் சுற்றி உட்கார்ந்தோம். ஒரே பெரிய தட்டு, பிரியாணி, நடுவில் கறி. கடைசி ஆள் முடிக்கும்வரை யாரும் எழக் கூடாது என்பது எங்கள் வழக்கம். இரண்டு வாய் வைப்பதற்குள் போன் அதிர்ந்தது.

"அதை அங்குட்டு வச்சுட்டுச் சாப்பிடுறா," என்றார் மாமு. கேட்டேனா? எழுந்துவிட்டேன்.

குழுத் தலைவர்தான். சில நாடுகளுக்கு அந்தக் 'கடமை' பிடிக்கவில்லையாம். அதை விட்டுக்கொடுத்தால் மற்றதெல்லாம் நிறைவேறிவிடும், உனக்குச் சம்மதமா என்றார். யோசித்துச் சொல்கிறேன் என்று வைத்தேன். எரிச்சல் மண்டைக்கு ஏறியது. மேடையில் நீதி நியாயம் என்று முழங்குகிறார்கள். பேரம் என்று வந்தால் முதலில் கழற்றிவிடுவதும் அதைத்தான். மண்டபத்து வாசலுக்கும் பந்திக்கும் நடையாய் நடந்தேன்.

திரும்பினால் இருவரும் அப்படியே உட்கார்ந்திருந்தார்கள். கையில் ஒட்டிய சோறு காய்ந்துபோயிருந்தது.

"சாப்பிட வேண்டியதுதானே?"

"நீ எந்திரிச்சுப் போயிட்டா நாங்க எப்படிடா திங்கிறது?" என்றான் அண்ணன்.

நின்றபடியே தலைவரைக் கூப்பிட்டேன். சம்மதமில்லை, அந்த வாக்கியம் இல்லாமல் எழுந்திருக்காதீர்கள் என்றேன். அந்தப் பக்கம் கைதட்டல், நாற்காலிகள் இழுபடும் சத்தம். உன் பதில் வரவில்லையே, அது இல்லாமலே முடிந்துவிட்டது, எல்லாரும் எழுந்துவிட்டார்கள் என்றார்.

அண்ணன் என் முகத்தைப் பார்த்தான். "நம்ம சங்கதி வரலையா?"

"இல்லண்ணே."

"சரி விடு. போறப்ப அகலமா ஒரு தொப்பி வாங்கிக்கிறேன். உக்காரு." கறித்துண்டை என் பக்கம் தள்ளினான்.

அழுகையாக வந்தது. ஆனாலும் தின்றேன், நான் முடிக்காமல் அவன் எழமாட்டான்.